சேம அச்சும் சிதைந்த சாலையும்: கொல்லிமலையிலிருந்து ஒரு கணக்கு

கொல்லிமலையை நாம் பெரும்பாலும் பாடல்களின் வழியாகவே அறிந்திருக்கிறோம். வல்வில் ஓரி ஆண்ட மலை, அவன் மலையமான் திருமுடிக்காரியிடம் வீழ்ந்தபின் சேரர் கைக்குச் சென்ற மலை, கண்டாரை மயக்கும் பாவை நின்றதாகப் புலவர் சொன்ன மலை என்பவையே நம் நினைவில் முதலில் எழுகின்றன. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டி அங்கே வல்வில் ஓரி விழாவும் நடைபெறுகிறது. இக்கட்டுரையில் அம்மலையை வேறொரு வழியாக, அதன்மீது ஏறியிறங்கும் சாலையின் வழியாக, அணுகிப் பார்க்க முயல்கிறோம். பாரவண்டிகளால் சிதைந்த சாலையைச் செப்பனிட்டுத் தருமாறு மக்கள் கேட்பது செய்தித்தாளின் உட்பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிடும் செய்தி. அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது என்பது நம் எண்ணம்.

வண்டியும் பாரமும் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உமணர் வண்டியின் சேம அச்சுக்கு உவமிக்கிறார். எருதுகள் இளையவை; ஏற்றிய பண்டமோ பெரிது; வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் கண்டார்? ஆகவே உப்பு வணிகர் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு இற்றுப்போகும் என்கிறார். இவ்விரு பாடல்களிலும் கவலை வண்டியைப் பற்றியது. பாரம் மிகுந்தால் முறிவது அச்சு, இழப்பு வண்டிக்காரனுக்கு. ஏற்றியவனே இழப்பான் என்பதால் அளவறிந்து ஏற்றும் பொறுப்பும் அவனிடமே இருந்தது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. எஃகு அச்சு எளிதில் முறிவதில்லை, முறிவது சாலை. ஏற்றியவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். சாலை கேட்டுக் கொடுக்கப்படும் ஒவ்வொரு மனுவின் அடியிலும் இருப்பது இந்த இடமாற்றமே என்று நாம் கருதுகிறோம்.

*

பழைய தமிழகத்தில் சாலை என்பது அரசின் பெருமைகளுள் ஒன்று. தகடூர்ப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள், நாவல் தாவளம் எத்தனை காதம் என்று எழுத்தில் சொல்வதோடு நிற்கவில்லை. எழுத்தறியாதோரும் எண்ணிக்கொள்ளும்படி சிறிதும் பெரிதுமான குழிகளை வெட்டி அத்தொலைவைக் காட்டின. கோவைக்கு அருகில் இராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டும் கிடைத்துள்ளது. ஆனால் பெருவழிகள் சமவெளிக்கும் கணவாய்க்கும் உரியவை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலைக்கு நெடுங்காலம் கால்நடைப் பாதைகளே வழி.

சேலம் மாவட்டத்தைப் பற்றி 1883-இல் லெ ஃபனுவும் 1918-இல் ரிச்சர்ட்சும் ஆட்சியாளருக்காகத் தொகுத்த நூல்கள் உள்ளன. அக்காலத்தில் மலைமேல் விளைந்தது தலைச்சுமையாகவே அடிவாரத்துக்கு இறங்கியது. உப்பும் துணியும் தலைச்சுமையாகவே மேலே ஏறின. 1913-இல் இங்கே வந்த ஆங்கிலேய மதப்பணியாளர் ஜெஸ்ஸி பிராண்டும் பின்னர் அவர் மனைவியான எவலினும் இவ்வழிகளில்தான் ஏறி இறங்கினர். அவர்கள் மகனே தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட். 1914-இல் பிறந்த அவர் இம்மலையில் வளர்ந்தவர். ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் மலைக்காய்ச்சலின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலுக்கு இங்கேயே பலியானார். அந்நாளில் மலையில் நோயுற்றவனுக்கும் மருத்துவமனைக்கும் இடையே நின்ற முதல் தடை பாதைதான்.

அந்தத் தடை இன்னும் முழுதும் பழங்கதை ஆகிவிடவில்லை. கொல்லிமலையின் அண்டையிலேயே, இராசிபுரம் வட்டத்தில், போதமலை இருக்கிறது. அங்குள்ள கீழூர், மேலூர், கெடமலை ஆகிய சிற்றூர்களுக்கு நாடு விடுதலை பெற்று எழுபதாண்டுகளுக்கு மேலாகியும் சாலை இல்லை. நோயாளியையும் பிணத்தையும் தூளி கட்டித் தூக்கினர். தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலையில் சுமந்தனர். அண்மை ஆண்டுகளில்தான் ஏறத்தாழ 140 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு அங்கே சாலைப்பணி தொடங்கியது. சாலையே இல்லாத துன்பத்தை இவ்வளவு அருகிலிருந்து பார்ப்பவர்களுக்கு, இருக்கும் சாலை சிதைவது என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

*

இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சாலை மேலே செல்கிறது. சோளக்காட்டுச் சந்தைக்கும் செம்மேட்டுக்கும் வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயிலுக்கும் வண்டிகள் போகின்றன. மலையிலுள்ள 14 ஊராட்சிகளும் 'நாடு' என்ற பழம்பெயரைத் தாங்கியவை: வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று நீளும் பட்டியல் அது. மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் கேரளத்தோடு தொடர்பில்லாத தமிழ் பேசும் மக்கள் இவர்கள்.

சாலை மலைக்குப் பலவற்றைக் கொண்டுவந்தது. பள்ளி, மருத்துவர், பேருந்து, சந்தை விலை ஆகியவற்றின் மதிப்பை எவரும் குறைத்துக் கூற முடியாது. அதே சாலை மலையின் வயலையும் மாற்றியது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பெருமளவு மரவள்ளிக் கிழங்கு புகுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டு வருவதற்கு இம்மாற்றமே காரணம். சாமை வீட்டுக் குதிரில் கிடந்து ஆண்டு முழுவதும் உணவாகும். மரவள்ளியோ பறித்த சில நாள்களுக்குள் சமவெளியின் சேகோ ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும், இல்லையேல் கெட்டுவிடும். தானியம் விளைவித்தவனுக்குச் சாலை ஒரு வசதி. கிழங்கு விளைவிப்பவனுக்கு அது உயிர்நாடி. மழைக்காலத்தில் ஒரு வளைவு சரிந்து வழி அடைபட்டால், வயலில் பறித்துப் போட்ட கிழங்கின் விலை நாளுக்கு நாள் இறங்கும். சாலையைக் கேட்கும் குரல் ஏன் இவ்வளவு அவசரமாக ஒலிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

கிழங்கை விடக் கனமான ஒன்றும் இம்மலையிலிருந்து இறங்கியது. அது பாக்சைட். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டப்பட்ட இக்கனிமம், 1960-களில் மேட்டூரில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் நிறுவனத்தின் ஆலைக்குச் சென்றது. ஒரு டன் அலுமினியம் செய்ய ஏறத்தாழ நான்கிலிருந்து ஐந்து டன் பாக்சைட் வேண்டும். ஆலையிலிருந்து பளபளப்பாக வெளியேறும் ஒவ்வொரு டன்னுக்கும் மலைச்சாலை நான்கைந்து டன் மண்ணைச் சுமந்திருக்கிறது என்பது இதன் பொருள். 1995-இல் ஆலை ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு மாறியது. சுற்றுச்சூழல் அனுமதிகள் குறித்த கேள்விகள் பின்னாளில் எழுந்தன. 2008-இன் இறுதியில் மேட்டூரில் அலுமினிய உற்பத்தியே நின்றது. அதற்காக மலையிறங்கிய பாரவண்டிகளும் நின்றன. வண்டிகள் போய்விட்டன, அவை அழுத்திச் சென்ற சாலை மலைமக்களிடமே எஞ்சியது.

*

ஒரு பாரவண்டி சாலையை எவ்வளவு தேய்க்கும் என்ற கேள்விக்குக் கணக்கில் விடை இருக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகே சோதனைச் சாலைகளை அமைத்து, படைவீரர்களைக் கொண்டு இரவும் பகலும் லாரிகளை ஓட்டிப் பார்த்தனர். அந்தச் சோதனையிலிருந்து பெறப்பட்டதே 'நான்காம் அடுக்கு விதி'. அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரு மடங்காவதில்லை. இரண்டை நான்கு முறை பெருக்கி வரும் 16 மடங்காகிறது. இது துல்லியமான விதி அன்று, தோராயமான அளவுகோலே. எனினும் உலகெங்கும் சாலைப் பொறியாளர்கள் இதைக் கொண்டே கணக்கிடுகின்றனர்.

நம் நாட்டில் சாலை வடிவமைப்புக்குக் கொள்ளும் நிலையான ஒற்றை அச்சுப் பாரம் 8.16 டன். இதனோடு ஒப்பிட்டால், 0.8 டன் அச்சுப் பாரமுள்ள ஒரு ஜீப் செய்யும் சேதம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 16 டன்னுக்கு மேல் அச்சை அழுத்தும் ஒரு லாரி ஒரே ஓட்டத்தில் செய்வதை அந்த ஜீப் செய்ய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை போய்வர வேண்டும். சட்டமே அனுமதிக்கும் பாரமும் உயர்ந்துகொண்டு வந்திருக்கிறது. நான்கு சக்கரமுள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த வரம்பு 2018 ஜூலையில் 11.5 டன் ஆக்கப்பட்டது. பாரத்தில் இவ்வுயர்வு சுமார் 13 விழுக்காடு. நான்காம் அடுக்கு விதிப்படி சேதத்திலோ சுமார் 60 விழுக்காடு. சரக்குக் கட்டணம் குறையும் என்பது அந்த முடிவுக்குச் சொல்லப்பட்ட நியாயம். கட்டணம் குறைந்தவர் பக்கத்தில் வரவு எழுதப்பட்டது. செலவு எந்த ஊராட்சியின் ஏட்டில் எழுதப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை.

மலைச்சாலையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். கொண்டை ஊசி வளைவில் பாரவண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபட்டுத் தாரை உரித்தெடுக்கின்றன. உரிந்த இடத்தில் மழைநீர் இறங்குகிறது. பக்க வடிகால் மண் மூடிக்கிடந்தால் நீர் சாலையின் மேலேயே ஓடி, ஜல்லிக்கு அடியிலுள்ள மண்ணைக் கரைக்கிறது. சாலையைப் பாரம் விரிசலாக்குகிறது, தண்ணீர் கொல்கிறது. ஆகவே மேலே தார் பூசி ஒட்டுப்போடுவதால் மட்டும் மலைச்சாலை பிழைப்பதில்லை. வடிகால் தூர்வாரப்பட வேண்டும், சிறுபாலங்கள் அடைப்பின்றி இருக்க வேண்டும், தடுப்புச் சுவர் நிற்க வேண்டும். இவை அனைத்தும் ஆள் கொண்டு அன்றாடம் செய்யும் வேலைகள். அவ்வேலையைச் செய்துவந்த நெடுஞ்சாலைத் துறைச் சாலைப் பணியாளர்கள் ஏறத்தாழ 10,000 பேர் 2002 செப்டம்பரில் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 41 மாதங்கள் கழித்து 2006 பிப்ரவரியில்தான் மீண்டும் பணிக்கு வந்தனர் என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். மண்வெட்டியோடு வடிகால் ஓரம் நிற்கும் ஒருவரை மிச்சம் பிடிப்பது எளிது. அந்த மிச்சத்தின் விலை அடுத்த மழையில் தெரியும்.

*

சேதம் செய்தவரிடமே செலவைக் கேட்கலாமா? இக்கேள்வியும் பழையதே. இங்கிலாந்தில் 1878-இல் இயற்றப்பட்ட ஒரு நெடுஞ்சாலைச் சட்டம், வழக்கத்துக்கு மீறிய பாரத்தாலோ வழக்கத்துக்கு மீறிய போக்குவரத்தாலோ சாலை கெட்டால், அதற்குக் காரணமானவரிடமிருந்து கூடுதல் செலவை வசூலிக்கும் உரிமையைச் சாலை காக்கும் அமைப்புக்கு அளித்தது. அந்தக் கோட்பாடு 1980-ஆம் ஆண்டின் சட்டத்திலும் அங்கே தொடர்கிறது.

சென்னை மாகாணத்தில் கதை வேறு விதமாகப் போயிற்று. சாலைக்கெனத் தனித்தீர்வை 1860-களிலேயே வந்தது. நிலம் வைத்திருந்தவன் அதைக் கட்டினான். வண்டிகள் சுங்கச்சாவடிகளில் காசு கொடுத்தன. அது உள்ளூர் வாரியங்களுக்குச் சேர்ந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியபின், 1931-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டம் அச்சாவடிகளை நீக்கி, மாகாண அரசே வரியை வாங்கி உள்ளாட்சிகளுக்கு ஈடு தரும் ஏற்பாட்டைச் செய்தது. பயணிக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்றிலிருந்து, சாலை தேயும் ஊருக்கும் வரி சேரும் கருவூலத்துக்கும் இடையே தூரம் விழுந்தது. அந்தத் தூரத்தைக் கடக்க ஊர் கைக்கொண்ட கருவியே மனு.

கனிமம் வெட்டப்படும் மாவட்டங்களுக்கு 2015-இல் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. சுரங்கச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைந்தன. சுரங்க உரிமதாரர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையின் ஒரு பங்கை அவற்றுக்கும் செலுத்த வேண்டும். அந்நிதியின் பெரும்பகுதி குடிநீர், நலவாழ்வு, கல்வி முதலியவற்றுக்கும், மீதியின் வரம்புக்குள் சாலை முதலிய கட்டமைப்புக்கும் உரியது. நல்ல ஏற்பாடுதான். கொல்லிமலையின் பாக்சைட் வண்டிகள் ஓய்ந்ததோ அதற்கு ஏழாண்டுகள் முன்னால். பாரம் இறங்கியபின் வந்த நிதிக்கு, முன்பு இறங்கிய பாரத்தின் கணக்குத் தெரியாது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினர் நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகை விடுவதைத் தடுத்தது. 1996-ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம், சிறு கனிமங்களை வெட்டுவதில் கிராம சபையின் அல்லது ஊராட்சியின் பரிந்துரையைக் கட்டாயமாக்கியது. இரண்டுமே அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் சேர்ந்த பகுதிகளைச் சார்ந்தவை. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. மக்களில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினராக இருந்தும், கொல்லிமலையின் கிராம சபைக்குச் சமவெளிக் கிராம சபையைவிடக் கூடுதலான உரிமை எதுவும் இல்லை. தீர்மானம் போடலாம்; அனுப்பலாம்; காத்திருக்கலாம்.

*

இத்துன்பம் கொல்லிமலைக்கு மட்டும் உரியதன்று. பெல்லாரியில் இரும்புத் தாது ஏற்றுமதி உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் சண்டூர், ஹொசப்பேட்டைச் சாலைகள் செம்மண் பள்ளங்களாயின. கர்நாடக லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டே 2008 டிசம்பரிலும் 2011 ஜூலையிலும் அளித்த அறிக்கைகள் சட்டவிரோதச் சுரங்கத்தை வெளிக்கொணர்ந்தன. அளவு மீறி ஏற்றுவது அவ்வணிகத்தின் அன்றாட முறையாக இருந்ததும் அவற்றால் பதிவாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரளத்துக்குப் பாறையும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் பெருவண்டிகளை எதிர்த்து மக்கள் பல முறை வீதிக்கு வந்தனர். விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் எழுந்த ஆண்டுகளில் அக்குரல் உரத்தது. துறைமுகம் ஒரு மாநிலத்தில், சிதைந்த சாலை இன்னொரு மாநிலத்தில்.

லாரி ஓட்டுபவரை இக்கதையின் கெட்டவராக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. கொல்லிமலை அமைந்துள்ள நாமக்கல் மாவட்டமே லாரிகளின் நாடு. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கு நாமக்கல் பெயர் பெற்றது; எரிவாயு டேங்கர் உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கம் இங்கேதான் இருக்கிறது; திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியாவின் எந்த மூலைக்கும் போகும். ஓட்டுநருக்குக் கூலி நடைக்கணக்கில். எவ்வளவு ஏற்றுவது என்று அவர் தீர்மானிப்பதில்லை. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அளவு மீறி ஏற்றிய வண்டியைத் தண்டம் மட்டும் வாங்கிக்கொண்டு போகவிடக் கூடாது, மிகுதிப் பாரத்தை இறக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. தண்டம் கட்டியபின் அதே பாரத்தோடு வண்டி நகர்ந்தால், அத்தண்டம் சாலையைத் தேய்ப்பதற்கான அனுமதிச் சீட்டாகிவிடும் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது. 2019-இன் திருத்தம் தண்டத்தை 20,000 ரூபாயாகவும் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயாகவும் உயர்த்தியது. ஆனால் எடைமேடை இல்லாத மலையடிவாரத்தில் தண்டத்தின் அளவு உயர்ந்து என்ன பயன்?

*

மக்கள் கேட்கும் முறைகளை நாம் அறிவோம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியரகத்தில் மனு. கிராம சபையில் தீர்மானம். எதுவும் நடக்காதபோது மறியல். சேறாகிவிட்ட சாலையில் பெண்கள் வரிசையாக நின்று நெல் நாற்று நடுவது தமிழகத்தில் பழகிய ஒரு போராட்ட வடிவம். அதில் கோபத்தோடு கிண்டலும் கலந்திருக்கிறது: சாலை என்று நீங்கள் சொல்வது வயலாகிவிட்டது, ஆகவே நடுகிறோம் என்பதே அதன் வாசகம். மறுநாள் ஒரு லாரி ஜல்லி வரும், பள்ளம் நிரவப்படும், அடுத்த மழைவரை அமைதி நிலவும்.

இச்சுழலை உடைக்க மனுவின் மொழி மாற வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். 'சாலை பழுதடைந்துள்ளது, சீரமைத்துத் தருக' என்ற வாக்கியம் சாலையைத் தானாகவே மூப்படைந்த பொருளாகக் காட்டுகிறது, கேட்பவரை இரப்பவராக்குகிறது. அதற்குப் பதிலாக அம்மனு கணக்குக் கேட்கலாம். இச்சாலை எத்தனை அச்சு ஓட்டத்துக்கு வடிவமைக்கப்பட்டது? நாளொன்றுக்கு எத்தனை பாரவண்டிகள், எத்தனை அச்சோடு, எங்கிருந்து எங்கே போகின்றன? பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலையானால் ஒப்பந்தக்காரர் ஐந்தாண்டுகள் பராமரிக்க வேண்டுமே, அது நடந்ததா? 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவற்றைக் கேட்க வழி தந்திருக்கிறது. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இல்லினாயில் கிடைத்த விதி, ஊர்மக்கள் எண்ணிவைக்கும் எளிய எண்ணிக்கையைச் சேதத்தின் அளவாகப் பெயர்த்துக் காட்டும் வலிமை உடையது.

எண்ணுதல் நமக்கு அந்நியமானதன்று. புறநானூற்றின் 116-ஆம் பாடலில் கபிலர் ஒரு காட்சியை வைத்திருக்கிறார். பறம்புமலையை இழந்த பாரியின் மகளிர் ஒரு குப்பைமேட்டின் மீது ஏறி நின்று, வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். முன்பு மலைமேல் நின்று, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். கபிலருக்கு அது வீழ்ச்சியின் துயரம். இன்று ஒரு மலையூரின் முனையில் யாரேனும் அப்படி நின்று, கையில் ஒரு பள்ளிக் குறிப்பேட்டோடு, இறங்கும் வண்டிகளை நாள், நேரம், அச்சு எனக் குறித்து வைத்தால், அதுவே ஊரின் மிக வலுவான மனுவாகக் கூடும்.